லட்சத்துல எண்ணாதீங்க, மாசத்துல எண்ணுங்க

ஒருத்தருக்கு வேலை போச்சுன்னு தெரிஞ்சதும் நம்ம ஜனங்க கேக்குற முதல் கேள்வி "அடடா, ஏன்?" கிடையாது. "எவ்ளோ குடுத்தாங்க?" தான். டீக்கடையில கேப்பாங்க, கல்யாண வீட்டுல கேப்பாங்க, பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போது கேப்பாங்க. பதிலும் லட்சத்துலதான் வரும். "நாலே முக்கால் லட்சமாம்பா!" கேட்டவர் புருவத்தைத் தூக்கிட்டு, "பரவால்லையே, திண்டிவனம் ரோட்டுல ஒரு மனை வாங்கிப் போட்டுடலாமே" என்று இலவச ஆலோசனையும் குடுத்துட்டுப் போவார்.

இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பத்தித்தான். என் கருத்து ரொம்பச் சின்னது. வேலை போகும்போது கைக்கு வர்ற பணத்தை லட்சத்துல எண்ணவே கூடாது, மாசத்துல எண்ணணும். லட்சத்துல எண்ணினா அது ஒரு லாட்டரி மாதிரி தெரியும். மாசத்துல எண்ணினாத்தான் அது என்னவோ அதுவாவே தெரியும்: அடுத்த சம்பளம் வர்ற வரைக்கும் வீட்டுல அடுப்பு எரியறதுக்கான விறகு.

நான் ஒரு பொட்டி தட்டுற ஆசாமி. சொந்த ஊரு செஞ்சிக்குப் பக்கத்துல அனந்தபுரம். மூணு மாசம் முன்னாடி எங்க கம்பெனியில "ரீஸ்ட்ரக்சரிங்"னு ஒரு நல்ல வார்த்தை சொல்லி எங்க டீம்ல ஒன்பது பேரைக் கூப்பிட்டு விட்டாங்க. ஒன்பதுல நானும் ஒருத்தன். கம்பெனி பேரு வேண்டாம். வேடிக்கை பாத்துட்டு எழுதுற பதிவு இல்ல இதுன்னு தெரியணும்கிறதுக்காக மட்டும் சொல்றேன்.

ஆலைங்க வருஷத்துல எண்ணும், அடுப்பு மாசத்துல எண்ணும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை ஞாபகம் இருக்கா? 2006-ல உற்பத்தி ஆரம்பிச்சாங்க. எங்க பக்கத்து ஊர்ப் பசங்களுக்கெல்லாம் அந்தப் பக்கம் போறதுதான் அப்ப கனவு. பிளஸ் டூ, டிப்ளமா முடிச்சாப் போதும், கம்பெனி பஸ், கேன்டீன், மாசாமாசம் சம்பளம். 2014 ஏப்ரல்ல நோக்கியாவோட செல்போன் வியாபாரம் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போச்சு. வரி வழக்குல மாட்டியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்தக் கைமாத்தலில் சேரலை. அந்த வருஷமே சுமார் 5,000 பேர் விஆர்எஸ் வாங்கிட்டு வெளியே வந்தாங்க. 2014 நவம்பர் 1-ம் தேதியோட உற்பத்தி நின்னுபோச்சு.

அந்த ஆலை மறுபடி வேற கைக்குப் போகுது, சால்காம்ப் வாங்குதுன்னு அறிவிப்பு வந்தது எப்ப தெரியுமா? 2019 நவம்பர். சரியா அஞ்சு வருஷம்.

அடுத்து மறைமலை நகர் ஃபோர்டு. மூடப் போறோம்னு சொன்னது 2021 செப்டம்பர் 9. கடைசி வண்டி வெளியே வந்தது 2022 ஜூலை. சுமார் 2,600 தொழிலாளிங்க. இப்ப அதே இடத்துல என்ஜின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய் போடறோம்னு 2025 அக்டோபர் 31-ல் ஒப்பந்தம் போட்டிருக்காங்க. உற்பத்தி ஆரம்பம் 2029-லயாம். சந்தோஷமான செய்திதான். ஆனா 2022-ல நின்ன ஆலை 2029-ல ஓடறதுக்கு நடுவுல ஏழு வருஷம். அன்னைக்கு ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த குழந்தை எட்டாங்கிளாஸ் வந்திருக்கும்.

ஐடி மட்டும் என்ன வாழுதாம்? 2025 ஜூலையில டிசிஎஸ் தன்னோட ஆட்கள்ல சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல குறைக்கப் போறோம்னு அறிவிச்சது. "அரசாங்க வேலை மாதிரி"ன்னு ஊர்ப்பக்கம் பொண்ணு குடுத்த கம்பெனி அது.

நான் சொல்ல வர்றது இதுதான். கம்பெனிகளும் அரசாங்கமும் வருஷக் கணக்குல யோசிக்கும். அது அவங்க சௌகரியம். நம்ம மளிகைக் கடைக்காரர் அப்படி யோசிக்க மாட்டார். அதனால நம்ம அலகு மாசம்தான்.

சரி, எவ்ளோ வரணும்?

இப்ப கணக்குக்கு வருவோம். 2025 நவம்பர் 21-லருந்து நாலு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துடுச்சு. 1947-ம் வருஷத் தொழில் தகராறு சட்டம், 1972-ம் வருஷ கிராஜுவிட்டி சட்டம் எல்லாம் இப்ப அதுக்குள்ள போயிடுச்சு. பழைய கட்டுரைங்களைப் படிச்சுட்டுக் கணக்குப் போடாதீங்க.

ஆட்குறைப்புல ஒருத்தரை அனுப்பினா சட்டப்படி வரவேண்டியது:

1. ஒரு மாச நோட்டீஸ், இல்லன்னா அந்த ஒரு மாசக் கூலி. உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல ரெண்டு மாசம், மூணு மாசம்னு போட்டிருந்தா அதுதான் கணக்கு.

2. ஆட்குறைப்பு நஷ்டஈடு. வேலை பாத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிக் கூலி. கடைசி வருஷம் ஆறு மாசத்தைத் தாண்டியிருந்தா அதையும் முழு வருஷமா எடுத்துக்கணும். குறைஞ்சது ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பாத்திருக்கணும்.

3. கிராஜுவிட்டி. அஞ்சு வருஷம் முடிச்சவங்களுக்கு. கடைசி மாசக் கூலி × 15 ÷ 26 × வருஷம். (குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்துல எடுத்த ஆளுங்களுக்கு இப்ப ஒரு வருஷமே போதும்.) நாலு வருஷம் முடிச்சு அஞ்சாவதுல 240 நாள் தாண்டியிருந்தா விட்டுடாதீங்க. அது போதும்னு பழைய சட்டத்தின் கீழ சென்னை உயர்நீதிமன்றம் 1998-லயே ஒரு வழக்குல சொல்லியிருக்கு.

4. மறுதிறன் நிதி. இது புதுசு. கம்பெனி 15 நாள் கூலியைக் கட்டணும், அது 45 நாளுக்குள்ள உங்க கணக்குக்கு வரணும்.

5. எடுக்காத லீவுக்கான காசு.

இங்க "கூலி"ன்னா என்னங்கறதுலதான் சூட்சுமமே இருக்கு. பேசிக்கும் அகவிலைப்படியும்தான் கூலி. நம்ம கம்பெனிகள் பேசிக்கைச் சின்னதா வெச்சுட்டு மீதியை அலவன்ஸ், ஸ்பெஷல் அலவன்ஸ், சூப்பர் ஸ்பெஷல் அலவன்ஸ்னு பிரிச்சுப் போடும். புதுச் சட்டத்துல அதுக்கு ஒரு கடிவாளம் வந்திருக்கு. அலவன்ஸ் எல்லாம் சேர்ந்து மொத்தத்துல பாதியைத் தாண்டினா, தாண்டின பகுதி கூலியிலயே சேரும்.

ஒரு உதாரணம் போடறேன். இது என் நம்பர் இல்ல, ஆனா ரொம்பத் தள்ளியும் இல்ல :-)

மாசம் 75,000. அதுல பேசிக் 30,000. அலவன்ஸ் 45,000. பாதின்னா 37,500. அலவன்ஸ் 7,500 தாண்டுது. அதை பேசிக்கோட சேர்த்தா கணக்குக்கான கூலி 37,500. சர்வீஸ் ஆறு வருஷம் ஏழு மாசம், அதாவது ஏழு வருஷம். ஆர்டர்ல ரெண்டு மாச நோட்டீஸ். லீவு பாக்கி 20 நாள்.

நோட்டீஸ் சம்பளம்: 75,000 × 2 = 1,50,000
நஷ்டஈடு: 18,750 × 7 = 1,31,250
கிராஜுவிட்டி: 37,500 × 15 ÷ 26 × 7 = 1,51,442
மறுதிறன் நிதி: 18,750
லீவு: 37,500 ÷ 30 × 20 = 25,000

மொத்தம் 4,76,442. டீக்கடை பாஷையில "நாலே முக்கால் லட்சம்".

இப்ப இதை மாசமாக்குங்க. சென்னையில ரூம் வாடகை 12,000, சாப்பாடு, பஸ், போன் எல்லாம் சேர்த்து 10,000, வீட்டுக்கு அனுப்பறது 10,000, கல்விக்கடன் தவணை 8,000. ஆக 40,000. நாலே முக்கால் லட்சத்தை 40,000-ஆல வகுத்தா பன்னெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் கம்மி.

அவ்வளவுதாங்க. அந்த மனை, அந்த புல்லட்டு, அந்த "ஒரு பிசினஸ் ஆரம்பிக்கலாம் மச்சி" எல்லாம் அந்தப் பன்னெண்டு மாசத்துக்குள்ள இருந்துதான் வரணும்.

ஒரு கையெழுத்தோட விலை

மாசத்துல எண்ணுறதோட நிஜமான லாபம் இந்த இடத்துலதான். பெரும்பாலான ஐடி ஆளுங்களை யாரும் "ஆட்குறைப்பு" பண்றதே இல்ல. ஒரு சின்ன ரூமுக்குக் கூப்பிடுவாங்க. தண்ணி பாட்டில் வெச்சிருப்பாங்க. எச்ஆர் ரொம்ப அன்பாப் பேசுவாங்க. "நீங்களே ரிசைன் பண்ணிட்டா உங்க ரெக்கார்டு கிளீனா இருக்கும்"னு சொல்லி லேப்டாப்பை நம்ம பக்கம் திருப்புவாங்க. ராஜினாமாவை டைப் பண்ண வேண்டியதுதான் பாக்கி.

நாமளே போனதா எழுதிக் குடுத்துட்டா அது ஆட்குறைப்பே இல்ல. நஷ்டஈடு 1,31,250 போச்சு. மறுதிறன் நிதி 18,750 போச்சு. "இன்னைக்கே ரிலீவ் பண்ணிடறோம்"னு சொல்லிட்டா நோட்டீஸ் சம்பளம் 1,50,000-மும் போச்சு. கூட்டிப் பாருங்க, முழுசா 3,00,000. மிச்சம் கிராஜுவிட்டியும் லீவும் சேர்த்து 1,76,442.

லட்சத்துல பாத்தா "மூணு லட்சம்தானே, வேற கம்பெனியில சம்பாதிச்சுக்கலாம்"னு ஒரு வீறாப்பு வரும். மாசத்துல பாருங்க. பன்னெண்டு மாசம் நாலரை மாசமா சுருங்கிடுச்சு. அந்த ஒரு கையெழுத்து ஏழரை மாசச் சாப்பாடு. அவ்வ்வ்வ்!

"சாஃப்ட்வேர்காரன் தொழிலாளியா?"ன்னு ஒரு கேள்வி வரும். நம்மாளுங்களே சிரிப்பாங்க, ஏசியில உக்காந்துட்டு எப்படி தொழிலாளின்னு. சட்டம் ஏசியைப் பாக்கலை, என்ன வேலைன்னு பாக்குது. தொழில்நுட்ப வேலை பாக்குறவர் தொழிலாளிதான், அதுக்கு சம்பள வரம்பு கிடையாது. முக்கியமா நிர்வாகம் பாக்குறவங்களும், மேற்பார்வை வேலையில மாசம் 18,000-க்கு மேல வாங்குறவங்களும்தான் வெளியே. விசிட்டிங் கார்டுல "மேனேஜர்"னு போட்டிருக்கறதால மட்டும் ஒருத்தர் மேனேஜர் ஆகிட மாட்டார். நாள் முழுக்க கோடு எழுதிட்டிருந்தா அவர் கோடு எழுதுறவர்தான்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்ல. 2015 ஜனவரியில டிசிஎஸ் ஒரு கர்ப்பிணிப் பெண் ஊழியரை அனுப்பினதுக்கு சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 2016-ல ஐடி கம்பெனிகளுக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும், சங்கம் வெச்சுக்கலாம்னு தமிழக அரசே தெளிவா சொல்லிடுச்சு. அந்தச் சட்டத்தோட இடத்துலதான் இப்ப புது சட்டத்தொகுப்பு நிக்குது.

இன்னொண்ணு. சட்டம் சொல்ற 15 நாள் தரைதான், கூரை இல்ல. ஃபோர்டு தொழிலாளிங்களுக்கு 2022 ஜூன்ல கம்பெனி சொன்னது வருஷத்துக்கு சராசரி 115 நாள் சம்பளம். போதாதுன்னு அவங்க போராடினாங்க, கடைசியில அதைவிடக் கூடுதலாவே வாங்கினாங்க. 15 எங்க, 115 எங்க? ஒண்ணா நின்னு கேட்டாங்க, கிடைச்சுது. நாம தனித்தனியா ரூமுக்குள்ள போறோம், தண்ணி குடிச்சுட்டு வெளியே வர்றோம்.

"ரிலீவிங் லெட்டர் குடுக்க மாட்டாங்களே பாஸ்"

இது நியாயமான பயம். அடுத்த கம்பெனி பழைய கம்பெனிக்கு போன் போட்டு விசாரிக்கும். அங்க ஒருத்தர் முகத்தைச் சுளிச்சா வர வேண்டிய ஆஃபர் வராமப் போயிடும். வீட்டுக்கடன் தவணையும் ரெண்டு குழந்தைங்களும் இருக்குறவர்கிட்ட "போராடு தோழா"ன்னு நான் சொன்னா அது வெட்டி வீரம்.

அதனால கையெழுத்தே போடாதீங்கன்னு நான் சொல்லலை. விலை தெரிஞ்சுட்டுப் போடுங்கன்னு சொல்றேன். அந்த ரூமுக்குள்ள சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி: "நீங்க சொன்னதை மெயில்ல அனுப்புங்க, வீட்டுல பேசிட்டு ரெண்டு நாள்ல சொல்றேன்." சண்டை இல்ல, சட்டப் பிரிவு இல்ல, குரல் உசத்தல் இல்ல. ரெண்டு நாள்ல உங்க கணக்கைப் போட்டுடலாம்.

உதாரணத்துக்கு, ரிசைன் பண்ணினா ரெண்டு மாச முழுச் சம்பளம் தர்றோம்னு கம்பெனி சொல்லுதுன்னு வெச்சுக்குவோம். 1,76,442-ஓட 1,50,000 சேர்ந்தா 3,26,442. எட்டு மாசம். சட்டப்படி வர்றது பன்னெண்டு. நாலு மாசம் துண்டு விழுது. "நல்ல" ரிலீவிங் லெட்டருக்கு நாலு மாசம் குடுக்கலாமா? கையில வேற ஆஃபர் இருக்குறவர் குடுக்கலாம். இல்லாதவர், "இன்னும் ரெண்டு மாசம் சேர்த்துக் குடுங்க, போட்டுடறேன்"னு கேக்கலாம். நான் கேட்டேன். கேட்ட அளவு வரலை, ஆனா மொதல்ல சொன்னதை விட ஒரு மாசம் கூட வந்துச்சு. கேக்காத எட்டு பேருக்கு அது வரலை. அதை நினைச்சா எனக்கு இன்னமும் வயிறு எரியுது.

கேக்காம விட்டவங்களுக்கும் கதவு முழுசா மூடிடலை. கட்டாயப்படுத்தி எழுதி வாங்கினதுன்னு காட்ட மெயில், மெசேஜ் ஏதாவது இருந்தா தொழிலாளர் துறை சமரச அதிகாரிகிட்ட மனு குடுக்கலாம். 45 நாள்ல அங்க முடியலைன்னா நேரா தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வேலை போன தேதியிலருந்து 2 வருஷத்துக்குள்ள போகணும். கணக்கு முடிக்கிறதுக்கும் இப்ப கெடு இருக்கு. கூலி பாக்கி ரெண்டு வேலை நாளுக்குள்ள, கிராஜுவிட்டி 30 நாளுக்குள்ள.

விதைநெல்லைத் தொடாதீங்க

வேலை போனதை நான் வீட்டுல மறைக்கலை. சில பேர் மாசக்கணக்குல காலையில டிபன் பாக்ஸோட கிளம்பி பார்க்குல உக்காந்துட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போறாங்க. அந்த வேதனை எனக்குப் புரியுது. ஆனா குடும்பத்துக்குத் தெரியாம குடும்பச் செலவைக் குறைக்க முடியாது. நான் ஊருக்குப் போன் போட்டு சொன்னேன். அம்மா அழுதாங்க. அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "எத்தினி மாசம் தாங்கும்?"

எனக்கு அப்பதான் உறைச்சுது. மல்லாட்டையும் நெல்லும் போடற வீடு எங்களுது. சாப்பாட்டுக்கு எடுத்து வெச்ச மூட்டையை எங்க வீட்டுல யாரும் ரூபாயில எண்ண மாட்டாங்க. அடுத்த அறுப்பு வரைக்கும் வருமா, வராதான்னுதான் பாப்பாங்க. சம்பளக்காரங்க நாமதான் அந்தக் கணக்கை மறந்துட்டோம். எங்களுக்குத்தான் மாசாமாசம் அறுவடையாச்சே!

எங்க ஊருக்குப் பக்கத்துல இருக்குற செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. இப்ப எல்லாரும் செல்ஃபி எடுக்கப் போறாங்க. மொகலாயப் படை 1690-ல முற்றுகை போட்டு 1698-லதான் அதைப் பிடிச்சது. தளபதி ஜுல்பிகார் கான் வேணும்னே இழுத்தடிச்சார்னும் வரலாற்று ஆசிரியருங்க சொல்றாங்க, அது வேற கதை. ஆனா ராஜகிரி அடிவாரத்துல இருக்குற நெற்களஞ்சியத்தையும் சுனைகளையும் பாத்தா ஒண்ணு புரியும். மதிலு எவ்ளோ உசரம்னாலும் உள்ளே நெல்லும் தண்ணியும் எத்தனை நாளைக்கு இருக்குங்கறதுதான் கோட்டையோட பலம்.

நம்ம கோட்டைக்கு நான் போட்ட திட்டம் இது:

வகுத்தல்ல மேல இருக்குற நம்பர் கம்பெனி கையில. கீழ இருக்குற நம்பர் நம்ம கையில. சென்னை ரூமைக் காலி பண்ணிட்டு ஊருக்கு வந்தா 40,000 செலவு 25,000-ஆ குறையும். அதே நாலே முக்கால் லட்சம் பன்னெண்டு மாசத்துல இருந்து பத்தொன்பது மாசமாயிடும். நேர்காணல் எல்லாம் மொதல் ரவுண்டு ஆன்லைன்லதான் நடக்குது. "என்னா தம்பி, லீவா?"ங்கற கேள்வியைத் தாங்கிக்கிட்டாப் போதும். ஏழு மாசத்துக்காக அதைத் தாங்கலாம் :-)

வந்த பணத்தை ஒரே சேமிப்புக் கணக்குல போட்டு வெச்சா கை அரிக்கும். மூணு மாசச் செலவை மட்டும் கையில வெச்சுக்கிட்டு மீதியை மூணு மூணு மாசத்துல முதிர்ச்சியாகுற மாதிரி வைப்பு நிதியாப் பிரிச்சுப் போடுங்க. ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி நாமே நமக்கு சம்பளம் போட்டுக்கறது. ஒரு வங்கியில ஒருத்தருக்கு 5 லட்சம் வரைக்கும்தான் டெபாசிட் காப்பீடு, அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

பிஎஃப்-பை இந்தக் கணக்குல சேர்க்கவே சேர்க்காதீங்க. அது விதைநெல். வேலை போனா உடனே 75 சதவீதம் எடுக்கலாம், மீதி 25 சதவீதம் 12 மாசம் கழிச்சுத்தான்னு 2025 அக்டோபர்ல பிஎஃப் அறங்காவலர் குழு முடிவு பண்ணியிருக்கு. எடுக்க முடியும்கிறது வேற, எடுக்கணும்கிறது வேற. சர்வீஸ் அஞ்சு வருஷம் ஆகாம எடுத்தா வரியும் உண்டு. மத்த மூட்டையெல்லாம் காலியான அப்புறம்தான் விதைநெல்லுல கை வைக்கணும்.

வரியைப் பொறுத்தவரை, சட்டக் கணக்குப்படி வர்ற நஷ்டஈட்டுக்கு 5 லட்சம் வரைக்கும், கிராஜுவிட்டிக்கு 20 லட்சம் வரைக்கும் விலக்கு இருக்கு. நோட்டீஸ் சம்பளத்துக்குக் கிடையாது. எது எதுக்கு எவ்ளோன்னு தனித்தனியாப் போட்டு எழுதி வாங்குங்க. எல்லாத்தையும் சேர்த்து "எக்ஸ் கிரேஷியா"ன்னு ஒரே வரியில போட்டுக் குடுத்தா விலக்கு கேக்கும்போது நாமதான் முழிக்கணும்.

கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கடைசி வேலை நாளோட போயிடும். அதுல அப்பா அம்மா பேரும் இருந்தா, அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில தனி பாலிசியா மாத்திக்க வழி இருக்கு. அந்தக் கடைசி நாளுக்கு முன்னாடியே கேளுங்க. மாசம் ரெண்டாயிரம் கூட ஆனாலும் பரவால்ல. ஒரு ஆஸ்பத்திரி பில்லு பன்னெண்டு மாசத்தை ஒரே வாரத்துல தின்னுடும்.

கடன் தவணை கட்ட முடியாதுன்னு தெரிஞ்சா, கட்டத் தவறின அப்புறம் இல்ல, தவறறதுக்கு முன்னாடியே வங்கிக்குப் போங்க. முன்னாடி போறவருக்கு மேனேஜர் நாற்காலி போடுவார். பின்னாடி போறவருக்கு நோட்டீஸ் போடுவார்.

வெள்ளைக்காரன் ஊர்ல மட்டும் என்ன?

"இந்தியாவுலதான் இப்படி"ன்னு புலம்புறவங்களுக்கு ஒரு தகவல். பிரிட்டன்ல 22-லருந்து 40 வயசு வரைக்கும் வேலை பாத்த வருஷத்துக்கு ஒரு வாரச் சம்பளம்தான் சட்டப்படி, அதுவும் ரெண்டு வருஷம் முடிச்சிருக்கணும். அமெரிக்காவுல தனியார் கம்பெனி நஷ்டஈடு குடுத்தே ஆகணும்னு மத்தியச் சட்டமே கிடையாது. எச்1பி-ல இருக்குற நம்மாளுங்களுக்கு 60 நாள்தான் கெடு, அதுக்குள்ள வேற வேலை இல்லன்னா பொட்டியைக் கட்டணும். காகிதத்துல பாத்தா நம்ம 15 நாள் மோசமில்ல.

வித்தியாசம் என்னன்னா, அங்க குடிமக்களுக்கு வேலை இல்லாத காலத்துல அரசாங்கம் கொஞ்சம் கொஞ்சமா உதவித்தொகை குடுக்கும். நம்ம ஊர்ல ஈஎஸ்ஐ-ல இருக்குறவங்களுக்கு 2018-ல வந்த ஒரு திட்டம் உண்டு, அதிகபட்சம் 90 நாளைக்கு பாதிக் கூலி. அவ்வப்போது நீட்டிச்சுட்டு வர்றாங்க. மாசம் 21,000-க்கு மேல வாங்குறவங்க ஈஎஸ்ஐ-யிலயே கிடையாது. அதனால நமக்கு அந்த 15 நாள்தான் நஷ்டஈடு, அதுதான் உதவித்தொகை, அதுதான் எல்லாம். அதை ஒரு தண்ணி பாட்டிலுக்கு விட்டுக்குடுக்குறது பெருந்தன்மை இல்ல.

ஆக மக்களே, அடுத்த தடவை யாருக்காவது வேலை போச்சுன்னு கேள்விப்பட்டா "எவ்ளோ குடுத்தாங்க?"ன்னு கேக்காதீங்க. "எத்தனை மாசம் தாங்கும்?"னு கேளுங்க. மொதக் கேள்வி வேடிக்கை பாக்குறவங்க கேக்குறது. ரெண்டாவது, கூட நிக்குறவங்க கேக்குறது. வேலையில இருக்குறவங்களும் இன்னைக்கு ராத்திரி ஒரு தடவை அந்த வகுத்தலைப் போட்டுப் பாத்துடுங்க. அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.

டிஸ்கி: நான் வக்கீலும் இல்ல, ஆடிட்டரும் இல்ல. மேல இருக்குறது உங்க ஆர்டரை வெச்சு நீங்களே ஒரு தடவை போட்டுப் பாக்குறதுக்கான கணக்கு. பெரிய தொகைன்னா ஒரு தொழிலாளர் வக்கீலைப் பாத்துடுங்க. அவர் ஃபீஸு ஒரு வாரச் செலவு, அவ்ளோதான். பாத்தீங்களா, எல்லாத்தையும் வாரத்துலயும் மாசத்துலயும் எண்ணப் பழகிட்டேன் :-)